துயில் நீங்கும் ஒலிக்கருவி: பழைய வால்வு அம்பிளிபயர்களுக்கு மின் செலுத்தும் முறை

மலையகத் தோட்டக் கோயில்களின் களஞ்சிய அறைகளிலும், பழைய இல்லங்களின் பரண்களிலும் வால்வு அம்பிளிபயர்களும் வானொலிப் பெட்டிகளும் தூசு படிந்து இன்றும் கிடக்கின்றன. ஒரு காலத்தில் திருவிழாவுக்கும் காமன்கூத்துக்கும் பொதுக்கூட்டத்துக்கும் குரல் கொடுத்த அக்கருவிகளை மீண்டும் பேசவைக்க வேண்டுமென்னும் ஆவல் நம் இளைஞர் சிலரிடையே தோன்றியுள்ளது. அவ்வாவல் போற்றுதற்குரியது. ஆயினும் பரணிலிருந்து இறக்கிய கருவியைத் துடைத்து, உடனே சுவரிலுள்ள மின்வாயிற் செருகி, ஆளியைப் போட்டுப் பார்ப்பதே பலரும் செய்யும் முதற் காரியமாயிருக்கின்றது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் கெடாது கிடந்த கருவி அந்த ஒரு நிமிடத்திலேயே கெட்டொழிவதுண்டு. சில வேளைகளிற் கருவியோடு மனிதனும் அழிவதுண்டு. அம்முதல் நிமிடத்திற்கு முன் செய்ய வேண்டுவன எவை, அவற்றை எவ்வொழுங்கிற் செய்தல் வேண்டும், ஏன் அவ்வாறு செய்தல் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மலையும் மின்னும்

நம் கையிற் கிடைக்கும் கருவி எவ்வகையினது என்பதை அறிதற்கு நம் நாட்டு மின்சாரத்தின் வரலாறு சிறிது துணைசெய்யும். நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையே பிளக்பூல் என்னுமிடத்திற் சிறியதொரு நீர்மின் நிலையத்தை 1912ஆம் ஆண்டளவில் அமைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. இலங்கையின் நீர்வலுவைப் பயன்படுத்தும் பொருளாதாரம் பற்றி 1918ஆம் ஆண்டில் அவர் ஆய்வுரையொன்றை வழங்கினார். அவர் கண்ட கனவு 1950ஆம் ஆண்டிலேயே லக்சபான மின்நிலையமாக நனவாயிற்று. எனினும், மின்னாக்கும் நீர் எந்த மலைகளிலிருந்து இறங்கிற்றோ அந்த மலைகளிலேயே வாழ்ந்த தொழிலாளரின் லயன் அறைகளுக்கு மின்சாரம் வந்து சேரப் பின்னும் பல்லாண்டுகள் சென்றன.

மறுபுறத்தே, 1925ஆம் ஆண்டு டிசம்பரிற் கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. 1949ஆம் ஆண்டில் அது றேடியோ சிலோன் என்னும் பெயர் பெற்றுத் தனித் திணைக்களமாயிற்று. ஒலி முந்தி வந்தது. மின் பிந்தி வந்தது. இதன் பயனாக உலர்பற்றரியில் இயங்கும் வானொலிகளும், கார்ப் பற்றரியில் இயங்கும் அம்பிளிபயர்களும், வீட்டு மின்சாரத்தில் இயங்கும் கருவிகளும் என மூவகையும் நம் மலைகளிற் கலந்து கிடக்கலாம். ஒன்றற்குரிய முறையை மற்றொன்றற்குக் கையாளின் கேடு விளையும்.

முதலெழுத்துச் சொல்லும் செய்தி

பிளெமிங் 1904ஆம் ஆண்டில் இருமுனை வால்வையும், லீ டி பொரஸ்ற் 1906ஆம் ஆண்டில் மும்முனை வால்வையும் ஆக்கிய பின்னர், வால்வுகள் எண்ணற்ற வகையினவாய்ப் பெருகின. ஐரோப்பியப் பெயரிடு முறையில், வால்வின் கண்ணாடியிற் பொறித்த முதலெழுத்து அதன் இழை எவ்வாறு சூடேற்றப்படுகின்றது என்பதை அறிவிக்கும். ‘டி’ என்பது 1.4 வோல்ற்றுப் பற்றரி இழையைக் குறிக்கும். டி.கே.96, டி.எல்.96 போன்ற வால்வுகள் காணப்படின் அது பெரும்பாலும் உலர்பற்றரிக் கருவியே. அதன் 90 வோல்ற்று இணைப்பு ஒருகணம் இழையிற் பட்டாலும் வால்வுகள் யாவும் எரிந்துபோம்.

‘ஈ’ என்பது 6.3 வோல்ற்று இழை. ஈ.சி.சி.83, ஈ.எல்.84, ஈ.எல்.34 என்பன இவ்வகை. 1954ஆம் ஆண்டில் முல்லார்ட் நிறுவனம் வெளியிட்டு உலகெங்கும் இளைஞர் பலர் தம் கையாற் கட்டிய ‘ஐந்து-பத்து’ அம்பிளிபயரில் ஈ.எல்.84 வால்வுகள் இரண்டு உண்டு. இவ்வகைக் கருவிகளிற் பொதுவாக நிலைமாற்றி, அதாவது டிரான்ஸ்போமர், மின்வழங்கலையும் கருவியின் உட்சுற்றையும் வேறு பிரித்து நிற்கும். இக்கட்டுரையிற் சொல்லும் முறை இவற்றிற்கே உரியது.

‘யு’ என்று தொடங்கும் வால்வுகளைக் கண்டால் மிக்க விழிப்பு வேண்டும். யு.எல்.41, யு.வை.41 முதலியன பூண்ட கருவிகள் ஆடலோட்டம், நேரோட்டம் இரண்டிலும் இயங்குமாறு செய்யப்பட்டவை. அவற்றிற் பிரிக்கும் நிலைமாற்றி இராது. மின்வழங்கலின் ஒரு கம்பியே உலோகச் சட்டகத்தோடு தொடுக்கப்பட்டிருக்கும். செருகியை ஒரு பக்கமாகச் செருகினாற் சட்டகம் முழுவதும் 230 வோல்ற்றில் நிற்கும். அத்தகைய சட்டகத்திற்குப் புவித்தொடுப்பு இடுதலும் ஆகாது. வேறாக்கும் நிலைமாற்றியும் நல்ல அனுபவமும் உடையாரிடமே இவற்றை ஒப்படைத்தல் வேண்டும்.

உறக்கத்தில் நிகழும் தேய்வு

இனி, ஓய்ந்து கிடக்கும் கருவியின் உள்ளே நிகழ்வது யாதெனப் பார்ப்போம். மின்வலு நிலைமாற்றி 230 வோல்ற்றை உயர்த்துகின்றது. சீராக்கி வால்வு அதனை ஒருதிசை ஓட்டமாக்குகின்றது. கொண்டென்சர் எனப் பழைய தொழிலாளரும் கொள்ளளவி எனப் பாடநூல்களும் கூறும் உறுப்பு அவ்வோட்டத்தின் அலைவை அடக்குகின்றது. ஈற்றில் வால்வுகளுக்குச் செல்வது 250 முதல் 450 வோல்ற்று வரையான நேரழுத்தம்.

அலைவை அடக்கும் கொள்ளளவி மின்பகுபொருள் கொண்டது. அதனுள் அலுமினியத் தகட்டின் மேல் ஒரு மைக்கிரோமீற்றர் அளவினதாகிய ஒட்சைட்டுப் படலமே காவலியாக நிற்கின்றது. மின்னழுத்தம் இருக்கும் வரையில் அப்படலம் தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும். அழுத்தமின்றி ஆண்டுகள் பல கழியின் நலிந்துவிடும். நலிந்த படலத்தின் மேல் முழு அழுத்தத்தையும் ஒருங்கே ஏற்றினால் பொசிவோட்டம் பெருகிக் கொள்ளளவி சூடேறும். உள்ளே வாயு பிறந்து வெடிக்கவுங் கூடும். அது குறுஞ்சுற்றானாற் சீராக்கி வால்வு எரியும். அதன் பின் நிலைமாற்றியும் எரியும். வால்வுகளுக்கு மாற்று இன்றும் வாங்கலாம். அக்கருவிக்கென்றே சுற்றப்பட்ட நிலைமாற்றிக்கு மாற்று எளிதிற் கிடையாது.

இரண்டாவது கேடு மறைவானது. ஆதலின் மேலும் கொடியது. முன்வால்வின் அனோட்டிலிருந்து வெளியீட்டு வால்வின் நெய்யரிக்கு ஒலியைக் கடத்துவது ஒரு சிறு கடதாசிக் கொள்ளளவி. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. ஆண்டின் பெரும்பகுதி பனிமூட்டமும் ஈரமும் சூழ்ந்த இடம். ஹற்றன் பக்கத்து மழையைக் கூறவேண்டியதில்லை. அந்த ஈரம் மெழுகைக் கடந்து கடதாசியிற் சுவறுகின்றது. அதனாற் கொள்ளளவியின் தடை 10 மெகா ஓமாகக் குறைந்துவிட்டதென வைத்துக்கொள்வோம். சாதாரண பல்மானியில் இது குற்றமாகவே தோன்றாது. ஆனால் முன்வால்வின் அனோட்டில் 200 வோல்ற்றும், நெய்யரித் தடையி 470 கிலோ ஓமும் இருப்பின், நெய்யரியில் ஏறத்தாழ 9 வோல்ற்று நேர் அழுத்தம் ஏறிவிடும். ஈ.எல்.84 வால்வு ஒன்று தனியே 250 வோல்ற்றில் இயங்குகையில் அதனைக் கட்டுப்படுத்தி நிற்கும் மறை அழுத்தமே ஏறத்தாழ 7 வோல்ற்றுத்தான். கட்டு அவிழ்ந்த வால்வில் ஓட்டம் பெருகும், அனோட்டுச் செந்தணலாகும், வெளியீட்டு நிலைமாற்றியும் உடன் அழியும்.

உயிர்க்காப்பு விதிகள்

கருவியைத் தொடுமுன் மனிதனைக் காத்தல் வேண்டும். 400 வோல்ற்று நேரழுத்தம் கொல்ல வல்லது. செருகியைக் கழற்றிய பின்னும் கொள்ளளவியில் மின்னேற்றம் தங்கியிருக்கும். 50 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவி 400 வோல்ற்றிற் கொண்டிருக்கும் சக்தி 4 யூல். ஆதலின் ஒவ்வொரு முறையும் செருகியைக் கழற்றி, 10 கிலோ ஓம், 10 உவாற்றுத் தடையியொன்றை நன்கு காவலிட்ட முனைகளாற் கொள்ளளவிக்குக் குறுக்கே சில வினாடிகள் பிடித்து, பின்னர்ப் பல்மானியால் அளந்து, அழுத்தம் இல்லையென உறுதி செய்த பின்னரே கை வைத்தல் வேண்டும். திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கச் செய்வது வீரமன்று. அது கொள்ளளவிக்குங் கேடு, கண்ணுக்குங் கேடு.

மின் உள்ளபோது அளக்க நேரின் ஒரு கையை முதுகுப்புறம் வைத்து மறு கையால் மட்டுமே அளத்தல் நன்று. மின்னோட்டம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மார்பினூடாகப் பாய்தலே பேராபத்து. தரை உலர்ந்திருத்தல் வேண்டும். காலில் உலர்ந்த செருப்பு வேண்டும். மோதிரமும் கைக்கடிகாரமும் வேண்டா. தனியே இருந்து இவ்வேலையைச் செய்தலும் ஆகாது. ஆளி எங்கேயுள்ளதென அறிந்த ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். வீட்டுப் பலகையிலுள்ள 30 மில்லியம்பியர் மின்கசிவு ஆளி நம்மைக் காக்கும் என்று எண்ணி ஏமாறலாகாது. நிலைமாற்றியாற் பிரிக்கப்பட்ட உட்சுற்றில் நிகழும் தாக்கத்தை அவ்வாளி அறியாது. ஒருவருக்கு மின் தாக்கின் முதலில் மின்னைத் துண்டிக்க. அதற்குமுன் அவரைத் தொடாதிருக்க. மூச்சும் நாடியும் இல்லையேல் மார்பழுத்த முதலுதவியை உடனே தொடங்கி, 1990 என்னும் எண்ணில் அம்புலன்ஸ் சேவையை அழைத்தல் வேண்டும்.

மின் தொடுக்குமுன்

தேயிலைத் தொழிற்சாலையைக் கண்டோர் ஓர் உண்மையை அறிவர். பறித்த கொழுந்தை உடனே உருளையிலிட்டு அரைப்பதில்லை; வாட்டும் மாடியிற் பல மணிநேரம் பரப்பி, ஈரம் போக்கிய பின்னரே அரைப்பர். அவ்வொழுங்கு தவறின் அடுத்த வேலை எத்துணைத் திறமையாக நடப்பினும் தேயிலை தேறாது. பழைய அம்பிளிபயருக்கும் அதுவே விதி. மென்மையான தூரிகையால் தூசும் பூச்சிக்கூடும் எலி எச்சமும் அகற்றி, உலர்ந்த இளஞ்சூடான அறையிற் பல நாள் வைத்திருத்தல் வேண்டும். நிலைமாற்றியின் சுருள்களிற் சுவறிய ஈரம் ஒரு நாளில் வெளியேறாது.

பின்னர்க் கண்ணாற் பார்த்தல். இறப்பர் உறையிட்ட கம்பிகள் உளுத்து உதிர்கின்றனவா, கொள்ளளவிகள் வீங்கியோ கசிந்தோ உள்ளனவா, தடையிகள் கருகியுள்ளனவா எனப் பார்த்துக் குறித்தல் வேண்டும். பழைய இரட்டைக் கம்பியை நீக்கி மூன்று கம்பி வடம் இட்டு, நிலைமாற்றியுள்ள கருவியின் சட்டகத்திற்கு உறுதியான புவித்தொடுப்புக் கொடுத்தல் வேண்டும். வேலை செய்யும் கட்டடத்திற் புவித்தொடுப்பு உண்மையில் உள்ளதா என்பதையும் மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு சோதித்தல் நன்று; சுவரில் மூன்று துளை இருப்பதனாலேயே மூன்றாவது துளை மண்ணைச் சென்றடையும் என்பதில்லை. மின்கம்பிக்கும் சட்டகத்திற்கும் இடையே பழைய கடதாசிக் கொள்ளளவி இருப்பின் அதனை அகற்றிவிடுக. உருகிக்குப் பதிலாக எவரோ முறுக்கிவைத்த செப்புக்கம்பி இருப்பின் எடுத்தெறிந்து உரிய உருகியை இடுக. மின்னழுத்தத் தெரிவி 220க்கும் 240க்கும் இடம் தருமாயின் நம் 230 வோல்ற்று வழங்கலுக்கு 240ஐத் தெரிந்தால் பழைய உறுப்புகள் சற்றே இளைப்பாறும்.

இனிப் பல்மானி. மின்வலு நிலைமாற்றியின் முதற் சுருளும், வெளியீட்டு நிலைமாற்றியின் சுருள்களும் அறாதுள்ளனவா எனவும், முதற் சுருளுக்கும் சட்டகத்திற்கும் இடையே பல மெகா ஓம் தடை உள்ளதா எனவும் பார்க்க. 500 வோல்ற்றுக் காவற்சோதனைக் கருவி கிடைப்பின் இன்னும் நன்று. உயரழுத்தக் கம்பிக்கும் சட்டகத்திற்கும் இடையேயுள்ள தடை மெல்ல மெல்ல ஏறுதல் நற்குறி. சில நூறு ஓமில் நின்றுவிடின் குறுஞ்சுற்று உண்டென்க.

ஒரு மின்குமிழின் உதவி

இந்நிலையிற் கைகொடுப்பது மிக எளியதொரு சாதனம். மரப்பலகையிற் பொருத்திய 60 உவாற்று இழை மின்குமிழ் ஒன்றை உயிர்க்கம்பியிற் கருவியோடு தொடராக இணைத்தல் வேண்டும். கருவியிற் குறுஞ்சுற்று இருந்தாலும் மின்குமிழ் முழு ஒளியோடு எரிந்து, ஓட்டத்தை ஏறத்தாழ 0.26 அம்பியருக்கு மேற் செல்லவிடாது தடுக்கும். கருவி நலமாயிருப்பின் மின்குமிழ் ஒருமுறை ஒளிர்ந்து பின்னர் மங்கும். இக்காலத்து எல்.ஈ.டி. விளக்கு இதற்குப் பயன்படாது. சூடேறத் தடை உயரும் இழையே இங்கு வேலை செய்வது. இது கருவியைக் காப்பதேயன்றி மனிதனைக் காப்பதன்று என்பதை மறவாதிருக்க.

முதலில் வால்வுகள் யாவற்றையும், இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, கழற்றிவிட்டு, நிலைமாற்றிக்கு மட்டும் மின் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். மின்குமிழ் பிரகாசமாகவே எரியின் நிலைமாற்றியிலோ அதனையடுத்த கம்பிகளிலோ குற்றம் உண்டு. மங்கி நிற்பின் அரை மணிநேரம் விட்டு, மின்னை நீக்கி, சூடும் மணமும் பார்க்க.

மின்னழுத்தத்தை மெல்ல உயர்த்தும் வேரியாக் என்னும் கருவியைச் சிலர் பரிந்துரைப்பர். அது நன்றே, ஆனால் அதனையே நம்பியிருத்தல் ஆகாது. சீராக்கி வால்வு பூண்ட கருவியில் அழுத்தம் தாழ்ந்திருக்கும் வரை அவ்வால்வின் கதோட்டுச் சூடேறாது. ஆகவே கொள்ளளவிக்கு யாதும் சென்று சேராது. கதோட்டுச் சூடேறியதும் அழுத்தம் திடீரென எழும். கொள்ளளவிகளை மெல்லப் பழக்குகின்றோம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, அங்கே பழக்கம் எதுவும் நடவாது. மேலும் வேரியாக் மின்வழங்கலிலிருந்து நம்மைப் பிரிப்பதுமன்று.

கொள்ளளவிகளைப் பழக்குதல்

மின்பகு கொள்ளளவிகளை மீளப் பழக்க விரும்புவோர் அவற்றைச் சுற்றிலிருந்து விடுவித்து, மாற்றத்தக்க நேரழுத்த வழங்கியொன்றிலிருந்து 47 கிலோ ஓம், 10 உவாற்றுத் தடையியினூடாக அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுதல் வேண்டும். தடையிக்குக் குறுக்கே 47 வோல்ற்றுக் காணின் பொசிவோட்டம் 1 மில்லியம்பியர் என அறியலாம். அது நன்கு குறைந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்க. இதற்கு மணிக்கணக்கும் செல்லும். ஓட்டம் குறையாதாயினும், கொள்ளளவி சூடேறினும் அதனை விட்டுவிடுக. மாணவர்க்கு நாம் கூறுவது, அரை நூற்றாண்டு கடந்த கொள்ளளவியைப் பழக்குவதிலும் மாற்றுவதே நன்று என்பதுதான். பழைய கோதினுள்ளே புதிய கொள்ளளவியை மறைத்து வைத்து முதற்றோற்றத்தைக் காப்பாற்றுதலும் கூடும். மாற்றுங்காற் பெரிதாக இடுவது நன்றென எண்ணற்க. சீராக்கியை அடுத்துள்ள முதற் கொள்ளளவிக்கு ஈ.இசட்.81 வால்வு 50 மைக்கிரோபரட்டும், ஜி.இசட்.34 வால்வு 60 மைக்கிரோபரட்டும் வரையே தாங்கும். கடதாசிக் கொள்ளளவிகளை, சிறப்பாக நெய்யரிக்குச் செல்வனவற்றை, ஆராயாமலே மாற்றிவிடலாம்.

வால்வுகளை இடுதல்

ஸ்பீக்கரையோ, அதற்கீடான 8 ஓம், 25 உவாற்றுத் தடையியையோ இணைக்காமல் அம்பிளிபயரை ஒருபோதும் இயக்கலாகாது. பாரம் இல்லாத வெளியீட்டு நிலைமாற்றியில் ஒலி பாயுங்கால் முதற் சுருளில் அழுத்தம் அளவு கடந்து எழுந்து காவலியைத் துளைத்துவிடும்.

தொடர்மின்குமிழ் இருக்கும்போதே சீராக்கியையும் சிறு வால்வுகளையும் இட்டு, வெளியீட்டு வால்வை மட்டும் இடாது, அதன் நெய்யரி முனையில் அழுத்தத்தை அளக்க. அங்கு வோல்ற்று யாதும் இராமை வேண்டும். நேர் அழுத்தம் ஏதேனும் தோன்றின் கடத்தும் கொள்ளளவி குற்றமுடையது. வெளியீட்டு வால்வு இல்லாதபோது உயரழுத்தம் வழமையிலும் மிகுந்து நிற்குமாதலின் இச்சோதனையை நீட்டலாகாது.

இதன் பின்னரே வெளியீட்டு வால்வுகளை இட்டு, முதலில் மின்குமிழோடும், பின்னர் மின்குமிழின்றியும் இயக்குக. கதோட்டுத் தடையியின் அழுத்தத்தை அதன் ஓமாற் பிரித்தால் வால்வின் ஓட்டம் தெரியும். 135 ஓமிற் 7.2 வோல்ற்றாயின் ஏறத்தாழ 53 மில்லியம்பியர். ஈ.எல்.84 வால்வின் அனோட்டுத் தாங்கும் எல்லை 12 உவாற்று. அறையை மங்கலாக்கி அனோட்டைப் பார்த்திருக்க. செம்மை தோன்றிய கணமே ஆளியை நிறுத்துக. ஒரு மணிநேரம் குறைவின்றி இயங்கிய பின்னரே இசைத்தட்டையும் ஒலிவாங்கியையும் நினைத்தல் தகும்.

முடிவுரை

மேற்கூறிய யாவற்றையும் ஒரே சொல்லில் அடக்குவதாயின் அது ‘ஒழுங்கு’ என்பதே. முதலில் ஈரம் போக்குதல், அடுத்துப் பார்த்தல், அடுத்து அளத்தல், அடுத்து நிலைமாற்றி, அடுத்துக் கொள்ளளவி, ஈற்றில் வால்வு. ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டுமே சோதிப்பதனால், குற்றம் தோன்றின் அது எங்குள்ளதென உடனே தெரியும். ஆய்வுகூடத்தில் ஆசிரியர் நமக்குக் கற்பித்த விஞ்ஞான முறையும் இதுவேயன்றோ?

மலையகத்துத் தோட்டங்களில் எஞ்சியுள்ள இக்கருவிகள் பல அல்ல. எழுத்தில் அதிகம் பதியப்படாத ஒரு மக்கள் கூட்டத்தின் பாட்டையும் பேச்சையும் வேண்டுதலையும் அவை ஒரு காலத்தில் மலைக்கு மலை கொண்டுசென்றன. அவற்றுள் ஒன்று அவசரத்தால் எரிந்தால் அத்தொழிலின் சான்றொன்று அழிந்ததாகும். ஓர் இளைஞன் அவசரத்தால் மடிந்தாலோ அவ்விழப்பிற்கு ஈடேயில்லை. பழைய மாணவருட் பொறியியலாளரும் மின்வினைஞரும் பலர் உளர். விடுமுறை நாட்களில் அவர்கள் கல்லூரி ஆய்வுகூடத்திற்கு வந்து மாணவரருகே நின்று இவ்வொழுங்கைக் கையால் செய்து காட்டுவாராயின், விழா ஆண்டில் அவர்கள் கல்லூரித் தாய்க்கு அளிக்கும் நல்ல காணிக்கைகளுள் அதுவும் ஒன்றாகும். அன்னாரை அன்போடு அழைத்து அமைகின்றோம்.